கோர்வை பிரியக் கூடாது!



எங்கள் காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா ஓடும். நெசவாளரின் பக்கத்தில் உதவிக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார். உடல் இழையும் கரை இழையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். இதற்குத்தான் 'கோர்வை' என்று பெயர். சேலையே நைந்து போனாலும் கரை பிரியாது என்று நெசவாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

சென்னையில் தரைக்கு அடியிலும் ஒரு கோர்வை இருக்கிறது, தெரியுமா? அதுதான் சென்ட்ரல் மெட்ரோ நிலையம்! விமான நிலையத்துக்கும் விம்கோ நகருக்கும் இடையே ஓடும் நீலத் தடமும், பரங்கிமலையிலிருந்து கோயம்பேடு, எழும்பூர் வழியாக வரும் பச்சைத் தடமும் அங்கே சந்திக்கின்றன. நகரும் படியில் ஏறி இறங்கினால் ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடலாம். பச்சைத் தடம் 2018 மே மாதத்திலும், நீலத் தடம் 2019 பிப்ரவரியிலும் அங்கே வந்து சேர்ந்தன.

மேலே, சாலையில் 1873-ஆம் ஆண்டின் சென்ட்ரல் ரயில் நிலையமும், 1913-இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையும் நிற்கின்றன. இவற்றின் அருகே சுரங்கம் தோண்டுவது லேசான வேலையா? ராட்சத எந்திரம் மண்ணைக் குடைந்துகொண்டே போகும். அதன் பின்னாலேயே கான்கிரீட் வளையங்களைப் பொருத்திக்கொண்டு வருவார்கள். வளையம் தாங்குவதால் மேலே மண் சரிவதில்லை.

கட்டடங்களைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்துவிட்டோம். மனிதர்களை?

சென்ட்ரல் பக்கத்தில் முன்பு மூர் மார்க்கெட் என்றொரு சந்தை இருந்தது. பழைய புத்தகங்களுக்குப் பெயர் போனது. 1985-இல் தீயில் அழிந்தது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. கடைக்காரர்கள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். கடை இடம் மாறலாம். பழகிய வாடிக்கையாளர்கள் எல்லோரும் கூடவே வந்துவிடுவார்களா? யோசித்துப் பாருங்கள்.

அதற்காக, மாற்றமே வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது. முன்பு நெரிசலில் பேருந்துக்குக் காத்து நின்றவர்கள் இன்று விரைவாகப் போகிறார்கள். படி ஏற முடியாத முதியவருக்கு லிஃப்ட் இருக்கிறது. நல்ல மாற்றம் வரட்டும். ஆனால் புதியதைச் சேர்க்கும்போது பழையதில் இருந்தவர்களை அறுத்து எறியக் கூடாது.

உங்கள் ஊரும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வாரம் தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள்: "நம் தெருமுனையில் முன்பு என்ன இருந்தது? அங்கே இருந்தவர்கள் இப்போது எங்கே?" அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நாளை உங்களில் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் அதிகாரி ஆவீர்கள். வரைபடத்தில் புதிய பாதைக்குக் கோடு போடும் முன், அந்தக் கோட்டில் யாருடைய வீடு, யாருடைய கடை இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கேட்பீர்கள்தானே?