கூடம் கோணலாக இருந்தால்?

(இளம் அறிவியல் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி, ஆவுடையார்கோவில்)

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. கருவியைக் குறை சொல்லுகிறவர்களின் வாயை அடைக்க இதைவிடச் சிறந்த பழமொழி கிடையாது. கை சரியில்லை, பழி கருவியின் மேல் என்பது இதன் பொருள். பல சமயங்களில் அது உண்மையும்கூட. ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். கூடம் உண்மையாகவே கோணலாக இருந்தால் ஆடத் தெரிந்தவள் என்ன செய்வாள்? துப்பாக்கி சுடும் விளையாட்டை எடுத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துப்பாக்கி என்றதும் திரைப்படச் சண்டைக் காட்சிகள் யார் நினைவுக்கும் வரவேண்டா. நான் குறிப்பிடுவது ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ள 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியை. காற்றழுத்தத்தால் இயங்கும் இக்கைத்துப்பாக்கியின் குண்டு 4.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு ஈயத்துண்டு. வீரர் நின்றுகொண்டு ஒற்றைக் கையால் சுட வேண்டும். 75 நிமிடங்களில் 60 குண்டுகள். இலக்கின் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதாவது நம் சட்டைப் பொத்தான் அளவு. அதைப் பத்து மீட்டர் தொலைவிலிருந்து அறுபது முறை தொட வேண்டும்!

இவ்விளையாட்டில் கருவி எவ்வளவு முக்கியம் என்பதை 2021ஆம் ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாடே கண்டது. அன்று பத்தொன்பது வயதே ஆகியிருந்த மனு பாக்கரின் துப்பாக்கி, தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகிவிட்டது. அதைச் சீர்செய்து திரும்புவதற்குள் விலைமதிப்பற்ற நிமிடங்கள் கரைந்தன. எஞ்சிய நேரத்தில் விரைந்து சுட்டு 575 புள்ளிகள் எடுத்தார். பன்னிரண்டாம் இடம். இரண்டே புள்ளிகளில் இறுதிச் சுற்று கைநழுவியது. அதே மனு பாக்கர் 2024ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே போட்டியில் வெண்கலம் வென்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தாம். இரண்டு நாள் கழித்துச் சரப்ஜோத் சிங்குடன் இணைந்து இன்னொரு வெண்கலமும் பெற்றார். டோக்கியோவில் அவரை நோக்கி "கூடம் கோணல் என்கிறாயா?" என்று யாரேனும் கேட்டிருந்தால் அது எத்துணைப் பெரிய அநீதி!

இனி, துப்பாக்கியைச் செம்மை செய்வது என்றால் என்ன என்று பார்ப்போம். அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, குறிபார்க்கும் அமைப்பு. மற்றொன்று, ட்ரிகர்.

பிஸ்டலின் பின்முனையில் பள்ளம் வெட்டிய தகடு ஒன்று இருக்கும். முன்முனையில் சிறு கட்டை ஒன்று நிற்கும். பின்தகட்டின் பள்ளத்தின் நடுவே முன்கட்டை நிற்க வேண்டும். அதன் இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். மரத்தையும் கிளையையும் மறந்து பறவையின் கண்ணை மட்டுமே பார்த்தானாம் அருச்சுனன். ஆனால் பிஸ்டல் போட்டிக்கு அந்தப் பாடம் உதவாது. இங்கே வீரரின் கண் கூர்ந்து நோக்க வேண்டியது முன்கட்டையை. இலக்கு மங்கலாகத்தான் தெரியும். மங்கலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

ஏன் அப்படி? இயற்பியல் மாணவர்களுக்கு இது எளிய கணக்கு. முன்கட்டைக்கும் பின்தகட்டுக்கும் இடையே ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் என்று கொள்வோம். கை முழுவதும் நேராக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் இலக்கில் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அது பத்துக்குள்ளேயே விழும். ஆனால் முன்கட்டை பின்தகட்டோடு ஒப்பிட ஒரு மில்லிமீட்டர் விலகினால், வடிவொத்த முக்கோணங்களின் விதிப்படி, பத்து மீட்டரில் அது 30 மில்லிமீட்டர் விலகலாகப் பெருகிவிடும். பத்து ஏழாகிவிடும். ஆகவே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் முன்கட்டையும், அவரவர் பார்வைக்கும் அரங்கின் வெளிச்சத்துக்கும் ஏற்ற அகலமுள்ள பள்ளமும், ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பக்கூடிய திருகுகளும் ஆடம்பரமல்ல. குண்டு தொடர்ந்து இடப்பக்கம் விழுகிறதா? பின்தகட்டை வலப்பக்கம் நகர்த்து என்பது விதி. நகர்த்தவே முடியாத தகடு என்றால் எந்த அருச்சுனனும் தோற்பான்.

அடுத்தது ட்ரிகர். ஏர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது உலகப் போட்டி விதி. துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, ட்ரிகரில் எடைக்கல்லை மாட்டித் தூக்கிச் சோதிப்பார்கள். கல் தூக்கப்படும்போது ட்ரிகர் விடுபட்டுவிட்டால் அத்துப்பாக்கிக்கு அனுமதியில்லை. நல்ல போட்டித் துப்பாக்கியில் இந்த 500 கிராமை இரண்டு கட்டமாகப் பிரித்து வைப்பார்கள். முதல் கட்டத்திலேயே பெரும்பகுதி எடை விரலில் ஏறிவிடும். பிறகு விரல் ஒரு சுவரைத் தொட்டாற்போல் நிற்கும். மிச்சமுள்ள சிறிது எடையை மெல்லக் கூட்டினால், கை அசையுமுன் குண்டு போய்விடும். விடுபட்ட பிறகும் ட்ரிகர் பின்னோக்கி ஓடாதபடி தடுக்க ஒரு திருகு உண்டு. விரலின் நீளத்துக்கு ஏற்ப ட்ரிகரை முன்னும் பின்னும் நகர்த்தவும் வழி உண்டு. மாறாக, கரடுமுரடான ட்ரிகர் உள்ள துப்பாக்கியில் எப்போது விடுபடும் என்றே தெரியாமல் இழுக்க வேண்டும். அந்த இழுப்பிலேயே முன்கட்டை பள்ளத்தை விட்டு விலகிவிடும். மேலே சொன்ன ஏழுப் புள்ளிக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

"இப்படியெல்லாம் கருவியைத் திருத்திக்கொண்டு வெல்வது வெற்றியா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு எங்கள் ஊர்க் கோயிலைக் காட்டுவேன். ஆவுடையார்கோவிலின் கொடுங்கைகளைக் காண வருவோர், கல்லை மரச்சட்டம்போல மெல்லியதாக இழைத்திருப்பதைக் கண்டு வியந்து நிற்பார்கள். பழங்காலச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதிக்கொள்வார்களாம் என்று எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்வதுண்டு. அந்தச் சிற்பி மழுங்கிய உளியோடு உட்கார்ந்து கையின் பெருமையைக் காட்டினானா? உளியை அடிக்கடி காய்ச்சித் தட்டித் தீட்டிக்கொண்டுதானே செதுக்கியிருப்பான்! அவ்வளவு தூரம் ஏன்? என் தந்தையார் உழவர். புது மண்வெட்டி வாங்கினால் அப்படியே வயலுக்கு எடுத்துப் போகமாட்டார். தம் உயரத்துக்கு ஏற்பக் காம்பை அறுத்து, ஆப்பு அடித்து, தகட்டின் சாய்வைச் சரிபார்த்த பிறகே வரப்பில் இறங்குவார். அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

மேலும், விளையாட்டு விதிகளே எல்லையை வகுத்திருக்கின்றன. ட்ரிகர் 500 கிராமுக்குக் கீழே போகக் கூடாது. துப்பாக்கியின் எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. பூதக்கண்ணாடி, தொலைநோக்கி, ஒளிக்கற்றை எதையும் பிஸ்டலில் பொருத்தக் கூடாது. வெறும் பள்ளமும் கட்டையும்தான். ஆகவே பணக்காரர் எவ்வளவு கோடி வைத்திருந்தாலும் 400 கிராம் ட்ரிகரை வாங்கிக்கொண்டு போட்டிக்கு வர முடியாது. அந்த எல்லை வரைக்கும் ஏழை மாணவரும் வந்துவிட்டால், அதற்குமேல் பேசுவது கையும் மனமும்தான்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி நாட்டு வீரர் யூசுப் திகெச் சாதாரண மூக்குக் கண்ணாடியோடு, ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டபடி சுட்டு, கலப்பு இரட்டையர் போட்டியில் வெள்ளி வென்றதை எல்லோரும் படத்தில் பார்த்தோம். "பார்த்தாயா, கருவியே தேவையில்லை" என்று பலர் மகிழ்ந்தார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவர் விட்டுவிட்டது கண்மறைப்பும் தனிக் கண்ணாடியும்தான். கையில் இருந்தது போட்டிக்கென்றே செய்யப்பட்ட பிஸ்டல். 51 வயது வரை பழகிப் பழகித் தமக்கு எது வேண்டும், எது வேண்டா என்று அவர் அறிந்திருந்தார். வேண்டாததை விட்டுவிடுவதற்கும், வேண்டியதே கிடைக்காமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

அந்த வேறுபாட்டை நான் நேரில் உணர்ந்திருக்கிறேன். தேசிய மாணவர் படை முகாம் ஒன்றில் எங்களுக்கு 0.22 ரைபிள் சுடப் பயிற்சி கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்த ரைபிளில் ஐந்து குண்டுகளும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்படி நெருக்கமாக விழுந்தன. ஆனால் இலக்கின் நடுவிலன்று, இடப்பக்கத்து மூலையில்! எனக்குப் பின் அதே ரைபிளில் சுட்ட இரு தோழியருக்கும் இடப்பக்கமே விழுந்தது. பயிற்சி தந்த ஹவில்தார் ஐயா தாளைப் பார்த்துவிட்டு, "உன் கை நன்றாக இருக்கிறதம்மா, ரைபிள்தான் இழுக்கிறது" என்றார். ஆனால் புள்ளி போடும் தாளுக்கு அது தெரியாதே! அடுத்த சுற்றுக்கான பட்டியலில் எங்கள் மூவரின் பெயரும் இல்லை. நேரம் குறைவு, மாணவியர் அதிகம், குறியைத் திருத்த யாருக்கும் பொழுதில்லை. பத்து நிமிட வேலை அது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வாய்ப்பு தவறினால் அடுத்த வாய்ப்பு எந்தக் கதவு வழியாக வரும் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை.

நம் மாவட்டத்துக்கு இவ்விளையாட்டு அந்நியமன்று. புதுக்கோட்டை அரச மரபில் வந்த பிருத்விராஜ் தொண்டைமான், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் பிரிவில், 2023 அக்டோபரில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் குழுத் தங்கம் வென்றவர்களுள் ஒருவர். பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார். 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் சுட வந்தபோது கூடிய கூட்டத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடுதளம் இருந்தது. இவர்கள் வெற்றியை எண்ணிப் பெருமைப்படுகிறோம். ஆனால் அரண்மனையும் புகழும் இல்லாத பிள்ளைகள் வருவதில்லையா? வருகிறார்கள். மனு பாக்கரோடு வெண்கலம் வென்ற சரப்ஜோத் சிங் ஹரியானாவின் உழவர் வீட்டுப் பிள்ளை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிஸ்டலில் வெள்ளி வென்ற விஜய் குமார் அப்போது இராணுவத்தில் சுபேதாராக இருந்தார். ஒருவருக்கு அருகிலேயே பயிற்சிக்கூடம் கிடைத்தது. மற்றவருக்கு இராணுவம் துப்பாக்கி கொடுத்தது. ஆவுடையார்கோவில் மாணவிக்குத் திருச்சி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். போட்டித் துப்பாக்கி ஒன்றின் விலையோ இலட்ச ரூபாய்க்கு மேல்.

ஆகவே என் கருத்து இதுதான். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு துப்பாக்கி கேட்கவில்லை. மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியிலேனும் பத்து மீட்டர் சுடுதளம் ஒன்று வேண்டும். நீண்ட கூடமும், குண்டைத் தாங்கும் தடுப்பும், பூட்டி வைக்க அலமாரியும், பொறுப்பான பயிற்சியாளர் ஒருவரும் போதும். ட்ரிகரும் குறியும் திருத்தக்கூடிய போட்டிப் பிஸ்டல்கள் இரண்டு அல்லது மூன்று வேண்டும். கைப்பிடி பெரியது, நடுத்தரம், சிறியது என்று அளவுகளில் கிடைக்கிறது. ஆண்களின் கைக்குச் செய்த பெரிய பிடியையே மாணவியரிடம் கொடுத்துவிட்டுக் கை நடுங்குகிறது என்று சொல்லக் கூடாது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களையும் மறந்துவிடக் கூடாது.

பொதுத் துப்பாக்கியானாலும் அதைத் தனக்கேற்பச் சில நிமிடங்களில் அமைத்துக்கொள்ள முடியும். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, பின்தகடு எத்தனை சொடுக்கு, ட்ரிகர் எந்த இடத்தில், எந்தப் பிடி என்று, ஆய்வுக்கூடப் பதிவேட்டில் அளவுகளை எழுதுவதுபோல எழுதி வைத்தால் போதும். ட்ரிகரின் எடையைச் சோதிக்க அரைக்கிலோ எடைக்கல் நம் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. வெர்னியரும் இருக்கிறது. கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பை இயற்பியல் துறை ஏற்றால், படித்த பாடத்துக்கும் பயன் உண்டாகும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். திருகுகளைக் கொண்டு செய்யும் திருத்தம் வேறு, துப்பாக்கியைப் பிரித்து உள்ளுறுப்புகளை அரத்தால் தேய்ப்பது வேறு. பின்னது ஆபத்து. தொட்டாலே விடுபடும் ட்ரிகர் பக்கத்தில் நிற்பவரின் கண்ணைப் பறித்துவிடும். 500 கிராம் என்ற வரம்பில் நேர்மையும் இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது.

அன்புத் தோழியரே, தோழர்களே! உழைக்காமல் கருவியைப் பழிப்பது தவறு. அதேபோல, பழுதான கருவியைக் கையில் கொடுத்துவிட்டு உழைப்பைப் பழிப்பதும் தவறே. முதல் தவற்றைக் கண்டிக்க நம்மிடம் பழமொழி இருக்கிறது. இரண்டாவதைக் கண்டிக்க இன்னும் பழமொழி பிறக்கவில்லை. அதற்குள் கூடத்தின் கோணலை நிமிர்த்துவோம். பிறகு யாருக்கு ஆடத் தெரியும் என்று பார்த்துவிடலாம்.