அடைப்புக்குறிக்குள் அகப்படும் சொல்

நூலொன்றின் சொற்பட்டியலில், ஒவ்வொரு சொல்லையும் அடுத்து அதன் பொருள் அடைப்புக்குறிகளுக்குள் தரப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அப்பொருள்களை மாத்திரம் வேறாகத் தொகுத்தல் வேண்டும். பத்துச் சொற்களாயின் கையினாலேயே எழுதிவிடலாம். பத்தாயிரமாயின் கணினியின் துணையை நாடுவோம். ஆயின், நம் மனத்திலுள்ளது கணினிக்குத் தெரியாது. நாம் எழுதிக் கொடுக்கும் விதி மாத்திரமே தெரியும். அவ்விதியைச் சுருங்குறித்தொடர் என்பர். ஆங்கிலத்தில் 'றெகுலர் எக்ஸ்பிறெஷன்' எனப்படுவது இதுவே.

இதற்கு வித்திட்டவர் அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்ரீபன் கிளேனி. அவருடைய கட்டுரை 1956 இல் வெளிவந்தது. அக்கருத்தைக் கொண்டு கணினியில் எழுத்துகளைத் தேடும் முறையொன்றைக் கென் தொம்சன் 1968 இல் வெளியிட்டார்.

இனி, பின்வரும் வாக்கியத்தை நோக்குக:

ஞாயிறு (சூரியன்) மறைந்தபின் திங்கள் (சந்திரன்) எழுந்தது.

இதற்கு \(.*\) என்னும் விதியை அமைப்போம். புள்ளி யாதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும். உடுக்குறி, தனக்கு முன்னுள்ளது எத்தனை முறையும் வரலாம், வராமலும் இருக்கலாம் என உணர்த்தும். அடைப்புக்குறிக்கு இவ்விதிகளில் தனிப் பணியுண்டு. அப்பணியை விலக்கி, அதனை வெறுங் குறியாகவே கொள்க என்பதற்கே சாய்கோடு முன்னிற்கின்றது.

கிடைப்பது யாது? சூரியனும் சந்திரனும் தனித்தனியே வாரா. '(சூரியன்) மறைந்தபின் திங்கள் (சந்திரன்)' என்பது முழுவதும் ஒன்றாய் வந்துவிடும். காரணம், உடுக்குறி பேராசை கொண்டது. அது முதலில் வரியின் இறுதிவரை ஓடி, பின்னரே மூடுங்குறியைத் தேடி ஒவ்வோர் எழுத்தாகத் திரும்பி வரும். அவ்வாறு திரும்புங்கால் முதலில் எதிர்ப்படுவது கடைசி மூடுங்குறியேயன்றோ?

இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, \(.*?\) என வினாக்குறி சேர்த்து, இயன்ற அளவு குறைவாகக் கொள்ளுமாறு பணித்தல். மற்றையது, \([^)]*\) என எழுதுதல். சதுர அடைப்பினுள் முதலில் நிற்கும் கூரைக்குறி 'இவை நீங்கலாக' எனப் பொருள்படும். மூடுங்குறி அல்லாத எழுத்துகளை மாத்திரமே கொள்ளுமாதலின், இவ்விதி எல்லை கடவாது. உள்ளிருப்பதை மாத்திரம் பெற \(([^)]*)\) என எழுதுக, சாய்கோடில்லாத அடைப்பு, தன்னுள் அகப்பட்டதை வேறாக எடுத்து வைக்கும்.

இஃதென்ன சிறு விடயம் என்று எண்ணற்க. 2019 ஆடி 2 ஆந் திகதி, கிளவுட்பிளேயர் என்னும் இணைய நிறுவனம் புதிய பாதுகாப்பு விதியொன்றைப் புகுத்தியது. அதனுள் புள்ளியும் உடுக்குறியும் அடுத்தடுத்து வந்தமையால், கணினிகள் முன்னும் பின்னுமாக எண்ணற்ற வழிகளை முயன்று தம் ஆற்றல் முழுவதையும் அதிலேயே செலவிட்டன. அந்நிறுவனத்தை நம்பியிருந்த இணையத்தளங்கள் உலகெங்கும் ஏறத்தாழ 27 நிமிடங்கள் முடங்கின.

ஓர் எல்லையையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. '(சந்திரன் (மதி))' என அடைப்புக்குள் அடைப்பு வருமாயின், மேற்கூறிய விதி முதல் மூடுங்குறியிலேயே நின்றுவிடும். கிளேனி வகுத்த விதிகளுக்கு, எத்தனை அடைப்புகள் திறந்தன, எத்தனை மூடின என வரம்பின்றி எண்ணும் ஆற்றல் இல்லை. அவ்விடத்து எண்ணிச் செல்லும் சிறு நிரலொன்றை எழுதுவதே தக்கது.

ஆதலின், விதியை எழுதுமுன் எது வேண்டும் என்பதோடு எது வரலாகாது என்பதையும் தாளிற் குறித்துக்கொள்வோமாக. பத்து வரிகளில் அதனைச் சோதித்த பின்னரே பத்தாயிரம் வரிகளை அதன் கையில் ஒப்படைப்போமாக.