ஒத்திக்கு வாங்கிய வீடு

பள்ளிகளின் ஆண்டிறுதித் தேர்வுகள் முடிந்ததும் நம் ஊர்களில் வீடு மாறும் காலம் தொடங்கிவிடுகிறது. கட்டிலும் பீரோவும் தண்ணீர்க் குடங்களும் ஏற்றிய சிறு வண்டிகளை இராஜபாளையத்துத் தெருக்களிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் நாள்தோறும் காணலாம். ஆடி பிறந்துவிட்டால் இவ்வண்டிகள் நின்றுவிடும். ஆடியிலும் மார்கழியிலும் குடிபுகலாகாது என்னும் எண்ணம் ஞாயிறு தவறாமல் பூசை காணும் நம் குடும்பங்கள் சிலவற்றையும் விட்டபாடில்லை. அது நிற்க, வீடு மாறும் இக்காலத்தில் நம்மிடம் ஆலோசனை கேட்டு வருவோர் பெரும்பாலும் எழுப்பும் கேள்வியைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணினோம். வாடகைக்குப் போவதா, ஒத்திக்குப் போவதா என்பதே அக்கேள்வி.

நம் இரு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவே உள்ளது. ஆயினும் வீடு தேடி வருவோர் இரு ஊர்களிலும் வேறு வேறானவர்கள். 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்குப்படி 1,30,442 பேர் வாழ்ந்த இராஜபாளையம் பஞ்சாலைகளின் ஊர். 1936-இல் முதல் ஆலை தோன்றிய நாள்தொட்டு, சுற்றுக் கிராமங்களினின்று வேலைக்கு வந்தவர்கள் ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்க விரும்பினர். அருகிலுள்ள சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தொழிலும் பல குடும்பங்களை இழுத்து வந்தது. 75,396 பேர் வாழ்ந்த ஸ்ரீவில்லிபுத்தூரோ கோவிலூர். விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் அமைந்த ஊருமாகும். வழக்கறிஞர், குமாஸ்தா, ஆசிரியர், மாற்றலாகி வரும் அரசு அலுவலர் ஆகியோருக்கு அங்கே வீடு வேண்டும். கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் தொடங்கிய பொறியியற் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. அங்குப் பணிபுரிவோரும் வீடு தேடுகின்றனர். மாதச் சம்பளக்காரரும் கூலித் தொழிலாளரும் ஒரே தெருவில் ஒரே வீட்டைக் கேட்டு நிற்கையில், வாடகை யார் பக்கம் சாயும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையிலேதான் எளியவர்களின் கண்ணுக்கு ஒத்தி பெரும் புகலிடமாய்த் தோன்றுகிறது. ஒற்றி என்பது பழைய கல்வெட்டுகளிலும் காணக்கிடைக்கும் சொல். அதையே நாம் பேச்சில் ஒத்தி என்கிறோம். சென்னையில் லீஸ் என்றும் வேறு சில இடங்களில் போக்கியம் என்றும் கூறுவர். வீட்டுக்காரருக்கு ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருப்பது; கெடு முடிந்ததும் அத்தொகையை வட்டியின்றித் திரும்பப் பெற்று வெளியேறுவது. வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது!

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மாதம் 5,000 ரூபாய் வாடகை பெறக்கூடிய ஒரு வீட்டை 4,00,000 ரூபாய்க்கு ஒத்திக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பணம் வங்கியில் நூற்றுக்கு 7 வட்டியில் இருந்திருந்தால் ஆண்டுக்கு 28,000 ரூபாய் வந்திருக்கும். மிச்சமாகும் வாடகையோ 60,000 ரூபாய். ஆகக் குடியிருப்பவருக்கு ஆண்டுக்கு 32,000 ரூபாய் ஆதாயம். நகையை வங்கியில் நூற்றுக்கு 9 வட்டிக்கு அடகு வைத்துப் பணம் திரட்டினாலும் 24,000 ரூபாய் மிஞ்சும். ஆனால் அதே தொகையைக் கைமாற்றாக மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினாரெனில், வட்டி மட்டும் மாதம் 8,000 ரூபாய்! 5,000 ரூபாய் வாடகைக்கு அஞ்சி 8,000 ரூபாய் வட்டி கட்டும் குடும்பங்கள் உண்டு என்றால் வாசகர் வியப்படையலாகாது. நகையை அடியோடு விற்று ஒத்தி கொடுத்தவர்கள் நிலையும் கடினமே. மூன்றாண்டு கழித்து ரூபாய் குறையாமல் திரும்பி வந்தாலும், விற்ற சவரன்கள் திரும்பி வருவதில்லை.

வீட்டுக்காரர் பக்கத்தையும் நோக்க வேண்டும். வட்டியில்லாப் பணம் கிடைத்தது என்றே அவர் மகிழ்கிறார். உண்மையில் 4,00,000 ரூபாய்க்காக அவர் ஆண்டுதோறும் 60,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுக்கிறார். அது நூற்றுக்கு 15 வட்டி கொடுப்பதற்கு ஒப்பாகும். வங்கி நகைக்கடனை விட மிகுந்த வட்டி இது. அவர் ஏன் இதற்கு இசைகிறார்? மகள் திருமணம், மாடி கட்டும் ஆசை, மருத்துவமனைச் செலவு என ஏதேனும் ஓர் அவசரம் குறுக்கிடுகிறது. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கி எளிதில் கடன் தருவதில்லை. கையிலிருப்பது வீடு ஒன்றுதான். பெற்ற பணம் செலவாகிவிடுகிறது; மாத வாடகையும் வருவதில்லை. கெடு முடியும்போது அவரிடம் பணம் எங்கிருந்து வரும்? அடுத்து வரும் ஒத்திக்காரரிடமிருந்துதான் வரவேண்டும். அவர் வரத் தாமதித்தாலும், குறைந்த தொகை பேசினாலும் சங்கிலி அறுந்துவிடும்.

அவ்வாறு அறுந்த ஒன்றை நாம் அறிவோம். ஊரும் தெருவும் வேண்டாம். கணவர் ஆலைத் தொழிலாளி. மனைவி வீட்டிலிருந்து பேண்டேஜ் துணி சுற்றிக் கொடுப்பவர். மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த 3,00,000 ரூபாயை மூன்றாண்டு ஒத்திக்குக் கொடுத்திருந்தனர். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தபோது கெடுவும் முடிந்தது. ஆனால் வீட்டுக்காரர் நோயுற்று இறந்துவிட்டார்; பணம் முழுவதும் மருத்துவத்தில் கரைந்திருந்தது. தந்தை வாங்கிய தொகை தங்களுக்குத் தெரியாது என்றனர் பிள்ளைகள். “பத்திரம்னு ஒண்ணு எழுதித்தான் வச்சிருக்கோம், சாமி” என்று அந்தத் தாய் கொண்டுவந்து காட்டியது 20 ரூபாய் முத்திரைத் தாளில் கைப்பட எழுதிய ஒரு பக்கம். பதிவு இல்லை, சாட்சிக் கையெழுத்தும் ஒன்றே. இரு குடும்பத்தாரும் நம் பங்கினர். ஒரு குடும்பம் முதற் பூசைக்கும் மற்றது இரண்டாம் பூசைக்கும் வரலாயிற்று. பலமுறை பேசியபின் தவணை முறையில் திருப்பித் தர மூத்த மகன் இசைந்தார். முதல் தவணை வருவதற்குள் அந்தச் சம்பந்தம் கைநழுவிவிட்டது. இதில் எவரையும் மோசக்காரர் என்று நம்மால் கூற இயலவில்லை. அதுவே நம்மை மிகவும் வருத்துகிறது.

இது நம் ஊரின் அறியாமையால் விளைவது என்று எண்ண வேண்டாம். கல்வியிலும் தொழிலிலும் மிக முன்னேறிய தென் கொரியாவிலும் ‘ஜொன்சே’ என்ற பெயரில் இதே முறை வழங்குகிறது. வீட்டின் விலையில் பாதிக்கும் மேற்பட்ட தொகையைக் கொடுத்து, பொதுவாக இரண்டாண்டுகள் வாடகையின்றி வாழ்கின்றனர். 2022-இல் வட்டி உயர்ந்து வீட்டு விலை சரிந்தபோது பல வீட்டுக்காரர்களால் பணத்தைத் திருப்பித் தர இயலவில்லை. ஏமாற்றும் எண்ணத்துடனேயே நூற்றுக்கணக்கான வீடுகளை வளைத்தவர்களும் இருந்தனர். பணத்தை இழந்த இளைஞர் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2023-ஆம் ஆண்டு மே மாதம் அந்நாட்டுப் பாராளுமன்றம் இவர்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் இதற்கான சட்டம் புதிதன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் ஒத்தியைச் சுவாதீன அடமானமாகக் கருதுகிறது. தொகை 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்டதாயின் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதியாத பத்திரத்தால் வீட்டின் மீது அடமான உரிமை உண்டாவதில்லை. கொடுத்தது கைக்கடன் போலாகிவிடும். பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். பின்னர் அவ்வீட்டை வாங்க வருபவரும், கடன் தர வரும் வங்கியும் அதனைக் காண்பர். செலவாகுமே என்று நம்மவர் தயங்குகின்றனர். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 4, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 1. மேற்சொன்ன 4,00,000 ரூபாய்க்கு மொத்தம் 20,000 ரூபாய். மூன்றாண்டில் கிடைக்கும் 96,000 ரூபாய் ஆதாயத்தில் இது ஒரு பங்கே. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் பாதிப்பாதியாக ஏற்றுக்கொள்ளலாமன்றோ?

பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்றைப் பார்ப்பதும், மூலப் பத்திரம் வீட்டிலிருக்கிறதா வங்கியிலிருக்கிறதா என்று கேட்பதும் அவமரியாதை ஆகாது. முன்னரே வங்கிக்கு அடமானமான வீடாயின், கடன் நிலுவையாகும்போது 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கி நீதிமன்றம் செல்லாமலே அதனைக் கைப்பற்றி ஏலம் விடலாம். பணத்தை வங்கி வழியே கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாகவோ வைப்பாகவோ ரொக்கத்தில் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

வாடகை வீட்டுக்குரிய சட்டம் வேறு. 1960-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. பத்து மாத அட்வான்சு கேட்டவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து மூன்று மாத வாடகையே முன்பணம் என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்ப வேண்டும். ஒத்தி அடமானமாதலால் இச்சட்டத்தின் நிழல் அதன்மீது விழாது. கையில் பெருந்தொகை இல்லாதவர் வட்டிக்கு வாங்கி ஒத்திக்குப் போவதினும், எழுதிய ஒப்பந்தத்துடன் வாடகைக்கே இருப்பது மேல் என்று நாம் கூறுவது இதனால்தான்.

நம் பங்குகளில் வாடகைக்கும் ஒத்திக்கும் வீடு விடுவோரும் இருக்கின்றனர். அவர்களுக்கும் ஒரு சொல். லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரம், மதில் சூழ்ந்த நகரில் வீட்டை விற்றவன் ஓராண்டுக்குள் அதனை மீட்டுக்கொள்ளலாம் என்கிறது. அடகு வைத்ததை மீட்பதற்கும் ஆண்டவர் நம்மை மீட்டதற்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவதை எண்ணிப் பாருங்கள். மீட்பதற்கு விலை வேண்டும். ஒத்தி பெறும் நாளிலேயே அதனை எவ்வாறு திருப்புவது என்று எண்ணாதவர், பிறருடைய வீட்டுச் சேமிப்பைச் சூதில் வைக்கிறார். நீதி, அமைதிக்கான திருப்பீடப் பணிக்குழு 1987-இல் வீடற்றோரைப் பற்றி வெளியிட்ட ஏடும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலும், குடியிருப்பு என்பது மனித மாண்பையும் குடும்ப வாழ்வையும் சார்ந்தது என்று கூறுகின்றன. வீட்டை வெறும் வணிகப் பொருளாக மட்டும் கருத நமக்கு இடமில்லை.

வாடகை வீடுதானே என்று மந்திரிக்க அழைக்கவும் நாணுகின்றவர்கள் பலர். புனித சின்னப்பர் உரோமையில் ஈராண்டுகள் வாடகை வீட்டிலேயே தங்கித் தம்மைத் தேடி வந்தோரையெல்லாம் வரவேற்றார் என்று அப்போஸ்தலர் பணி நூல் முடிகிறது. அழையுங்கள், வருகிறோம்.

ஏற்கெனவே ஒத்திப் பணம் சிக்கி நிற்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு, அவர்தம் வருமானம் எதுவாயினும், அங்குச் சட்ட உதவி இலவசம். மக்கள் நீதிமன்றத்தில் இருதரப்பும் இசைந்து முடிக்கும் வழக்குக்குக் கட்டணமில்லை. அதன் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது, மேல்முறையீடும் கிடையாது. செல்லும்போது கைப்பத்திரம் எத்தகையதாயினும் அதனையும், பணம் கொடுத்த வங்கிச் சீட்டையும், அவ்வீட்டு முகவரியிலுள்ள குடும்ப அட்டையையும் உடன் கொண்டு செல்லுங்கள்.