டவர் இருக்கு... லைன் எங்கே?

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. கனடாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான ரோஜர்ஸ், விடிவதற்குள் படுத்துவிட்டது. மொபைல், வீட்டு இன்டர்நெட் இரண்டும் அவுட். 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். கடைகளில் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. டொரன்டோவில் அன்று இரவு நடக்கவிருந்த பாடகர் தி வீக்கெண்டின் இசை நிகழ்ச்சியே தள்ளிப்போனது. அவசர உதவி எண் 911-க்கு அழைத்த பலருக்கும் லைன் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் டவர்கள் நன்றாகத்தான் இருந்தன. அப்புறம் என்ன ஆச்சு?

நம் வீட்டு மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டரைப் பார்த்திருப்பீர்கள். நெட் கம்பெனிக்குள்ளும் ரவுட்டர்கள் உண்டு, அலமாரி சைஸில். அவற்றில் முக்கியமாக இரண்டு ரகம். விளிம்பில் இருப்பவை எட்ஜ் ரவுட்டர்கள். நம்ம ஏரியா போஸ்ட்மேன் மாதிரி. நீங்கள் யார், என்ன பிளான், எவ்வளவு ஸ்பீடு, எதை உள்ளே விடலாம் என்ற கணக்கெல்லாம் இவர்களிடம். நடுவில் இருப்பவை கோர் ரவுட்டர்கள். ரயில்வே ஸ்டேஷன் ஆர்.எம்.எஸ்.ஸில் கடிதம் பிரிப்பவர் பின்கோடை மட்டும் பார்த்துப் பையில் போடுவாரே, அதே வேலை. உள்ளே கல்யாணப் பத்திரிகையா, கரன்ட் பில்லா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. வேகம்தான் முக்கியம்.

அதனால் கோர் ரவுட்டருக்கு உலகத்து விலாசம் எல்லாவற்றையும் கொடுக்க மாட்டார்கள். இன்டர்நெட்டின் முழு வழிப்பட்டியலில் அப்போதே 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள். தேவையானதை மட்டும் உள்ளே விட, இடையில் ஒரு ஃபில்டர் இருக்கும்.

அன்று அதிகாலை ஒரு அப்டேட்டின்போது, விளிம்புக்கும் மையத்துக்கும் நடுவே இருந்த ரவுட்டர்களிலிருந்து அந்த ஃபில்டரை நீக்கிவிட்டார்கள். வழித்தகவல் வெள்ளமாகக் கொட்டியது. கோர் ரவுட்டர்கள் தாங்க முடியாமல் சில நிமிடங்களில் சுருண்டன. மொபைலுக்கும் வீட்டு நெட்டுக்கும் ஒரே கோர் என்பதால் இரண்டும் சேர்ந்து போயின.

ஏழு கட்டப் பணியில் இது ஆறாவது கட்டம். முதலில் 'ஆபத்து அதிகம்' என்றுதான் குறித்திருந்தார்கள். முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால், கம்ப்யூட்டர் கணக்கு அதை 'ஆபத்து குறைவு' என்று மாற்றிவிட்டது! ஐந்து தடவை பார்க்காமல் ரோட்டைத் தாண்டிவிட்டால், ஆறாவது தடவை லாரி வராதா என்ன?

பழுது பார்க்கப் போன ஊழியர்கள் நிலைமை இன்னும் பரிதாபம். அவர்களிடம் இருந்ததும் அதே கம்பெனி போன், அதே நெட். தூரத்திலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வழியும் அதே கோர் வழியாகத்தான். வேறு கம்பெனி சிம் கார்டுகளை அனுப்பித்தான் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம், எல்லாம் சீராக 26 மணி நேரம்.

911 விஷயம்தான் மனசை உறுத்துகிறது. சொந்தக் கம்பெனியின் டவரே கிடைக்காவிட்டால், அவசர அழைப்புக்காக போன் வேறு கம்பெனி டவருக்குத் தாவும். இங்கே டவர் உயிரோடு இருந்தது. அதனால் போன்கள் அதையே பிடித்துக்கொண்டு நின்றன, பின்னால் கோர் செத்துக் கிடப்பது தெரியாமல்.

பிறகு மொபைலுக்குத் தனி கோர், வீட்டு நெட்டுக்குத் தனி கோர் என்று பிரிக்க ரோஜர்ஸ் முடிவெடுத்தது. உங்கள் போனில் இரண்டு சிம் இருந்தால், இரண்டும் ஒரே கம்பெனியுடையதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு நெட்டும் அதே கம்பெனி என்றால், ஒரு சிம்மையாவது மாற்றிவிடலாம்.