கோகிலம் இனிக்கிறது, மாடத்தி ஏன் சிரிப்பாக இருக்கிறது?

போன சாரலுக்குக் குற்றாலம் வந்திருந்த தோழி, பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தாள். "பழசா, இப்ப யாரும் வைக்காததா இருக்கணும்" என்றாள். செல்போனில் ஒரு பட்டியலே வைத்திருந்தாள். எல்லாம் பழைய துப்பறியும் நாவல்களில் பொறுக்கியவை: ராஜாம்பாள், வடிவாம்பாள், மேனகா, வசந்தகோகிலம்.

"மாடத்தி?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் கொஞ்சம் துப்பறிய வேண்டும்.

ஜே.ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதியதை நம் பாட்டன்மார் போட்டி போட்டுப் படித்தார்கள். 'மேனகா' 1935லேயே சினிமாவானது. சுவையான கதைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வக்கீல், தாசில்தார், மிராசுதார் வீட்டு உலகம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆபத்து வந்தால்தான் துப்பறிவாளர் கிளம்புவார். வேலைக்காரி காணாமல் போனால் வேறு வேலைக்காரி வருவாள்.

பெயரில் சாதி இல்லை என்பவர்கள் மனுவைப் புரட்டலாம். சூத்திரனுக்கு இழிவைக் குறிக்கும் பெயர் வை என்கிறது இரண்டாம் அத்தியாயம். பறவையின் பெயர், மரத்தின் பெயர், அடிமையின் பெயர் கொண்ட பெண்ணைக் கட்டாதே என்கிறது மூன்றாம் அத்தியாயம். கோகிலம் என்றால் குயில். ஐயங்கார் மனுவை மீறியிருக்கிறார், அதுவரை மகிழ்ச்சி!

குற்றாலத்தின் சொந்த இலக்கியம் மட்டும் என்னவாம்? பக்கத்து மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் தலைவிக்கு வசந்தவல்லி என்று தனிப்பெயர். குறி சொல்ல வருபவள் வெறும் சிங்கி. மற்ற குறவஞ்சிகளிலும் குறத்தி பெரும்பாலும் சிங்கிதான், அவள் புருஷன் சிங்கன்தான். அதைப் பெயர் என்பதா, சாதிக்கு ஒட்டிய சீட்டு என்பதா?

எங்கள் பக்கம் மர்மக் கதைக்குப் பஞ்சமில்லை. கொலையுண்ட பெண்கள் தெய்வமாகி நிற்கும் பீடங்கள் ஊருக்கு ஊர் உண்டு. இசக்கி, பேச்சி, மாடத்தி என்று அந்தப் பெயர்களைத்தான் எங்கள் ஆச்சிமார் சுமந்தார்கள். கொன்றவன் யாரென்று ஊருக்கே தெரியும். துப்பறிய ஒன்றுமில்லாததால் அவை நாவலாகாமல் வில்லுப்பாட்டாகின.

முத்துப்பட்டன் கதையைக் கேளுங்கள். பிராமணன் முத்துப்பட்டன், சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கிறான். அவர்களுக்காகச் செருப்புத் தைக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் தோல் செருப்பு காணிக்கை. பிற்காலத்தில் யாரோ கதைக்குள் கைவைத்தார்கள். அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணர்களாம், காட்டில் விடப்பட்டவர்களைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தாராம்! நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது இந்த ஒட்டுவேலையைச் சுட்டிக்காட்டினார். இரண்டு பெண்களின் பிறப்பையே திருடிய குற்றம் இது. எந்தத் திகம்பர சாமியார் கண்டுபிடிப்பார்?

என் வகுப்பில் இசக்கியும் பேச்சியும் வரிசையாக இருந்தார்கள். பல சாதிக்காரர்களும் வைக்கும் பெயர்கள்தான். ஆனாலும் சென்னைக்குப் படிக்கப் போன இருவர் அரசிதழில் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பெயரைச் சொன்னதும் "எந்த ஊரு?" என்று வரும், அடுத்து "என்ன ஆளுக?" என்று வரும். அதற்குப் பிறகு வாடகைக்கு வீடு காலியாக இருக்காது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய பெயரால் எதையும் இழக்காத குடும்பத்துக்குத்தான் பழைய பெயர் ஃபேஷன். மற்றவர்களுக்கு அது தப்பித்து வந்த தெரு.

தோழர்களே, பெரியார் குழந்தைகளுக்கு ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பெயர் வைத்தபோதும் ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். இப்போது நாம் சிரிக்கிறோம்.

தோழி தன் பட்டியலை எனக்கும் அனுப்பியிருந்தாள். கடைசியில் பொம்மக்கா, திம்மக்கா என்று சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.