காரணம்: கஞ்சா

கஞ்சாவைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உண்டு. "அது செடிதானே, சிகரெட்டைவிட நல்லது" என்பது நண்பர்கள் வட்டத்துப் பேச்சு. "கஞ்சா அடித்தால் பைத்தியம்தான்" என்பது வீட்டுப் பேச்சு. இரண்டும் பாதி உண்மைகள். முழு உண்மையை மருத்துவ உலகம் ஓரளவு கண்டுபிடித்திருக்கிறது. அது நம் இளைஞர்களையும் பெற்றோரையும் சரியாகச் சென்றடையவில்லை என்பதே என் கவலை.

நான் செமினியில் வளர்ந்தவன். தோட்டங்கள் தாமான்களாக மாறிய ஊர் அது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தேன். ஆண்டுதோறும் பிப்ரவரி 19 வந்தால் பள்ளியில் போதைப்பொருள் எதிர்ப்பு நாள் நடக்கும். 1983இல் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அரசாங்கம் அறிவித்த நாள் அது. மண்டை ஓடும் தூக்குக் கயிறும் வரைந்து பரிசு வாங்கியிருக்கிறோம். ஆனால், மனநோய் என்ற சொல்லை அந்த மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். கணிதத்தில் எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பவன். படிவம் மூன்றில் கஞ்சா பழகினான். படிவம் ஐந்தில் அது அன்றாடப் பழக்கமாயிற்று. பத்தொன்பது வயதில் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கத் தொடங்கினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு அப்பாலிருந்து தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று கைத்தொலைபேசியின் சிம் கார்டை உடைத்துப் போட்டான். வீட்டில் முதலில் அடித்தார்கள். பிறகு செய்வினை என்று யாரோ சொல்ல, மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கோயில் கோயிலாக அழைத்துப் போனார்கள். பதினான்கு மாதங்கள் இப்படியே ஓடின. ஒருவழியாக மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்றும் அவன் பெரியம்மா, "கஞ்சா விஷயத்த மட்டும் வாயத் தொறந்து சொல்லிடாத, போலீஸ் வரும்" என்று அவன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். மருத்துவர் கேட்டபோது அம்மா இல்லை என்றார். இரண்டாம் முறை போனபோது அவனே உண்மையைச் சொன்னான்.

அவனுக்கு வந்திருந்தது மனச்சிதைவு நோய். இன்று ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறான். சித்தப்பாவின் பட்டறையில் வேலை செய்கிறான். ஆனால், கஞ்சாதான் அவனை இப்படி ஆக்கியதா? அவனுடைய தாய்மாமன் ஒருவரும் பல ஆண்டுகளாகத் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்தவர் என்பது பிறகுதான் வெளியே வந்தது.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்திலேயே இதற்கு ஒரு பெரிய விசாரணை நடந்தது. கஞ்சாவை ஆராய 1893இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. அது சென்னை மாகாணம் உட்பட நாடு முழுவதும் 1,193 சாட்சிகளை விசாரித்தது. மனநோய் விடுதிகளின் பதிவேடுகளையும் புரட்டிப் பார்த்தது. அவற்றில் நோயின் காரணத்தை எழுத ஒரு கட்டம் இருந்தது. பலருடைய பெயருக்கு நேரே அதில் கஞ்சா என்று எழுதியிருந்தது. ஆனால், அந்தக் காரணம் பெரும்பாலும் நோயாளியைக் கொண்டுவந்து விட்ட காவல்துறையும் நீதிபதியும் அனுப்பிய தாளிலிருந்து வந்தது. ஆள் கஞ்சா குடிப்பவன் என்று தெரிந்தாலே போதும், கட்டம் நிரம்பிவிடும். ஒவ்வொன்றாக மறுபடி விசாரித்தபோது பல பதிவுகள் நிற்கவில்லை. அதற்காக அந்த ஆணையம் கஞ்சாவுக்கு நற்சான்றிதழும் கொடுக்கவில்லை. அளவுமீறிப் பயன்படுத்தினால், குறிப்பாக ஏற்கெனவே மனம் பலவீனமாக உள்ளவர்களுக்கு, அது மனநோயைத் தூண்டக்கூடும் என்று 1894இல் எழுதியது.

பிற்கால ஆய்வுகளும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் செல்கின்றன. சுவீடனில் 1969-70இல் இராணுவப் பணிக்குச் சேர்க்கப்பட்ட நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். சேரும்போதே 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களிடம் மனச்சிதைவு, பிடிக்காதவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. 15 வயதுக்குள் கஞ்சாவைத் தொட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு 26 வயதில் மனச்சிதைவு போன்ற நோய் இருந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு. 11 வயதிலேயே சிலரிடம் இருந்த அறிகுறிகளைக் கணக்கில் எடுத்தபோது இந்த வித்தியாசம் குறைந்தது. அதாவது, நோய் நோக்கிப் போகும் பிள்ளைகளே கஞ்சாவையும் நாடியிருக்கலாம். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, வீரியம் மிக்க கஞ்சாவைத் தினமும் பிடிப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றது. வீரியமும் முன்போல் இல்லை. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. 1995இல் சுமார் 4 விழுக்காடு. 2014இல் அது 12 விழுக்காடு.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இதுதான். கஞ்சா பிடிக்கும் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு வருவதில்லை. மனச்சிதைவு உள்ள பலர் கஞ்சாவைத் தொட்டதே இல்லை. ஆனால், சிறு வயதில் தொடங்குவது, தினமும் பிடிப்பது, வீரியம் மிக்கதைப் பிடிப்பது, குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இந்த நோய் இருப்பது ஆகிய நான்கும் ஆபத்தைக் கூட்டுகின்றன. என் நண்பனுக்கு இவற்றில் மூன்று நிச்சயமாக இருந்தன. அவனுக்கு ஒன்றுகூடத் தெரியாது.

இந்த உண்மையைச் சொல்லாமல் பயமுறுத்துவதால் என்ன பயன்? ஒரு தடவை பிடித்தாலே பைத்தியம் என்று கேட்டு வளர்ந்த பையன், பிடித்தும் நன்றாக நடமாடும் பத்துப் பேரைப் பார்க்கிறான். பெரியவர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று முடிவுகட்டுகிறான். "உன் மாமாவுக்கு இந்த நோய் இருந்தது, அதனால் நீ மற்றவர்களைவிடக் கவனமாக இரு" என்று சொல்ல வேண்டிய குடும்பமோ மானத்துக்குப் பயந்து மாமாவையே மறைக்கிறது. தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம் என்ற பெயர் எப்படியோ, அப்படித்தான் நமக்குத் தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

நண்பர்கள் பேச்சுக்கும் ஒரு பதில் உண்டு. 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது, "பார், பக்கத்து நாடே விட்டுவிட்டது" என்றார்கள். 2025 ஜூனில் அதே நாடு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மீண்டும் கட்டுப்படுத்தியதைப் பற்றி அவர்கள் பேசக் காணோம். சட்டம் விடுவதும் பிடிப்பதும் ஒன்று. பதினைந்து வயது மூளைக்கு என்ன ஆகிறது என்பது வேறொன்று.

பெரியம்மாவின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கஞ்சா பயன்படுத்தினாலே ஈராண்டு வரை சிறை அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். 200 கிராம் வைத்திருந்தால் கடத்தல்காரர் என்றே சட்டம் கருதும். கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை என்ற நிலை 2023 ஜூலையில்தான் முழுமையாக நீங்கியது. அதே நாட்டில், போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து சிகிச்சை கேட்க 1983ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது என்பதை எத்தனை வீடுகள் அறியும்? மருத்துவரிடம் மறைத்தால் இழப்பு நோயாளிக்குத்தான். கஞ்சாவைத் தொடர்ந்து பிடித்தால் மருந்து சாப்பிட்டுத் தேறியவருக்கும் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். தெரியாத ஒன்றை மருத்துவர் எப்படித் தடுப்பார்?

சீக்கிரம் போனால் தேறலாம் என்பது வெறும் ஆறுதல் அல்ல. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவர் தாராவும் அவருடைய குழுவினரும், முதன்முறையாக நோய் கண்ட 90 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் நன்றாகத் தேறியிருந்தனர். அவர்களும் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளே.

நம் மொழிக் கழகங்கள் விடுமுறை தோறும் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போய்த் தன்முனைப்பு முகாம் நடத்துகின்றன. அங்கே பெற்றோருக்கென ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். பிள்ளை திடீரென ஒதுங்கினால், தூக்கம் கெட்டால், இல்லாத குரல் கேட்டால், காரணத்தைப் பிறகு தேடலாம். முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட்தான் என்று சொல்வோம். கோயிலுக்கும் போங்கள், ஆனால் கிளினிக்குக்குப் போய்விட்டுப் போங்கள் என்று சொல்வோம். மருத்துவம், உளவியல் படிக்கும் மாணவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். இதைத் தமிழில் சொல்ல அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?