வேங்கைவயலுக்குப் பின்: காலனித் தண்ணீரை யார் சோதிப்பது?

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். குடிநீரைச் சோதிக்குமாறு மருத்துவர்கள் கூறிய பின்னரே, மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2025 ஜனவரியில் அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் அதை ஏற்க மறுத்து சி.பி.ஐ. விசாரணை கோரின.

இதன் சட்ட விளைவு கவனத்திற்குரியது. தலித், பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தை மாசுபடுத்துவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(x) பிரிவு தனிக் குற்றமாக்குகிறது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருப்பின் அப்பிரிவு பொருந்தாது. எனவே, செய்தவர் யார் என்ற காவல்துறையின் முடிவே அது வன்கொடுமை வழக்கா என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. குற்றப்பத்திரிகை தீர்ப்பு அன்று. எனினும் தொடக்கத்திலேயே முறையான சான்றுகள் திரட்டப்படாத வழக்கில் பாதிக்கப்பட்டோரே சந்தேகத்திற்குரியோராவது எளிது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி மாணவர்களிடம் நாம் இதைப் பேசக் காரணம் உண்டு. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் தலித்துகளின் நுழைவு மறுக்கப்பட்டு, 2023 ஜூனில் கோயிலுக்கு அரசு முத்திரை வைத்த மாவட்டம் இது. கோயில் பூட்டு செய்தியாகிறது. காலனிக் குழாய் செய்தியாவதில்லை. 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் கழிவுநீரும் குடிநீரும் கலப்பதற்குச் சதி எதுவும் தேவையில்லை.

100 மி.லி. குடிநீரில் ஈ.கோலை சிறிதும் காணப்படக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியில் நீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மாசு இருப்பின் நிறம் கறுக்கும். இது முதல் எச்சரிக்கை மட்டுமே. ஆய்வகச் சோதனையே உறுதிப்படுத்தும். அதற்கு நீரைக் கிருமி நீக்கிய புட்டியில் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்திற்குள் ஒப்படைக்க வேண்டும்.

வழக்கறிஞர்களாக நாம் ஒன்றை எச்சரிக்கிறோம். ஈ.கோலை மனித மலத்திலிருந்தும் வரும், மாட்டுச் சாணத்திலிருந்தும் வரும். அது மாசைக் காட்டுமேயன்றி, மாசுபடுத்தியவரையோ அவரது நோக்கத்தையோ காட்டாது. காலனி நீரை மட்டும் சோதித்துப் பாகுபாட்டை நிறுவவும் முடியாது. ஊர்த் தொட்டி, காலனித் தொட்டி இரண்டிலும் ஒரே நாளில், ஒரே முறையில், பலமுறை மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். எடுத்தவர், இடம், நேரம், சாட்சி அனைத்தையும் அங்கேயே எழுத வேண்டும். தொட்டி கழுவிய நாளையும் குளோரின் இட்ட விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊராட்சியிடம் கேட்கலாம். முடிவுகளைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கலாம்.

1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்து நீரை அம்பேத்கர் அருந்தியபோது கேள்வி நீரைத் தொடும் உரிமை குறித்தது. இன்று அது தூய நீருக்கான உரிமையாகவும் விரிந்திருக்கிறது. பட்டத்திற்காகச் செய்யும் ஆய்வேடு ஒரு காலனியின் முதல் ஆவணமாகவும் அமையலாம். குழந்தைகள் நோயுறும்வரை அந்த ஆவணத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.